மூன்று ஏரியாக்கள்

1988-ல் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய மீரான் சாகிப் தெருவில், ஒரு பட விநியோக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் மேனேஜர் என் முன்னால் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை விரித்துப் போட்டார். மாவட்ட எல்லைகளை எல்லாம் மீறி, சிவப்புப் பென்சிலால் வேறு கோடுகள் போட்டிருந்தார்கள். "கலெக்டருக்கு ஒரு மேப்பு தம்பி, நமக்கு ஒரு மேப்பு" என்றார். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தால் என்.எஸ்.சி. திருச்சியும் தஞ்சாவூரும் டி.டி. திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் டி.கே. கடல் தாண்டிப் போனால் எல்லாம் ஒரே பொட்டலம், எஃப்.எம்.எஸ். ஒரு படம் முடிந்ததும் அது இந்தக் கோடுகளின்படி துண்டு துண்டாக விற்கப்படும். ஒவ்வொரு துண்டின் விநியோக உரிமையையும் 'ஏரியா' என்போம். நான் அந்தத் துண்டுகளுக்கான ஒப்பந்தங்களை டைப் அடிப்பவன். படம் ஓட ஆரம்பித்தால் தியேட்டர்களிலிருந்து வரும் தினசரி வசூல் கணக்கை, அதாவது டி.சி.ஆரை, சரிபார்ப்பவனும் நான்தான்.

இருபத்தாறு வருடம் அந்த வேலையைச் செய்தேன். அந்த வருடங்களில் என் தொழிலை எனக்குப் புரியவைத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவர் பிரெஞ்சு நடிகர் அலன் டெலோன்.

1991 வாக்கில் என்று நினைக்கிறேன். வளர்ந்துகொண்டிருந்த ஒரு நடிகர் பாக்கிச் சம்பளத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தயாரிப்பாளர் கையில் பணம் இல்லை. எங்கள் மேனேஜர் நடுவில் புகுந்து, "பாக்கிக்குப் பதிலா டி.டி. ஏரியாவை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். நடிகர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எனக்குப் பணமாவே குடுத்திடுங்க சார். ஏரியாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டு வாடகையை ஏரியாவாகக் கொடுக்க முடியாது. எப்படியோ புரட்டிப் பணமாகக் கொடுத்தார்கள். படம் தஞ்சாவூரில் நூறு நாள் ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மெல்வில் இயக்கிய 'லெ சாமுராய்' திரையிட்டார்கள். 1967-ல் வந்த படம். கட்டிலில் படுத்துப் புகை விட்டுக்கொண்டிருக்கும் ஒருவனோடு படம் தொடங்கும். அவன் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்து, அதன் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவி நேராக்குவான். முதல் பத்து நிமிடம் பேச்சே கிடையாது. எங்கள் தொழிலில் பத்து நிமிடம் வசனம் இல்லை என்றால் தியேட்டர்காரர் போன் போட்டுவிடுவார். இங்கே யாரும் அசையவில்லை. அந்த முகம் ஒன்றுமே செய்யாமல் எல்லோரையும் உட்கார வைத்திருந்தது.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்தான் அலன் டெலோன். யார் இவர் என்று நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே வந்தபோது ஒரு செய்தியில் நின்றுவிட்டேன். 1963-ல் ஆன்றி வெர்னொய் இயக்கத்தில் 'மெலொதி ஆன் சூ-சோல்' என்று ஒரு படம். கான் நகரத்துச் சூதாட்ட விடுதியைக் கொள்ளையடிக்கும் கதை. பெரியவர் ழான் காபேன் கதாநாயகன், கூடவே இளைஞன் டெலோன். காபேனின் சம்பளம் போக டெலோன் கேட்ட தொகைக்குப் பட்ஜெட்டில் இடமில்லை. சரி, சம்பளமே வேண்டாம், அதற்குப் பதிலாக மூன்று நாடுகளின் விநியோக உரிமையைக் கொடுங்கள் என்றார் டெலோன். ஜப்பான், சோவியத் யூனியன், அர்ஜென்டினா.

படம் வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. நான் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். எங்கள் அலுவலகத்தில் வேண்டாம் என்று திருப்பித் தந்த டி.டி. ஏரியா ஞாபகம் வந்தது.

விநியோகத்தில் இருப்பவர்களுக்கு இந்த மூன்று பெயர்களும் ஒரு கணக்கைச் சொல்லும். பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி எல்லாம் தயாரிப்பாளர் விட்டுக்கொடுக்காத ஏரியாக்கள். படத்தின் முதலீடே அங்கிருந்துதான் திரும்ப வரவேண்டும். தொலைவில் இருப்பவற்றை, கணக்கில் பெரிதாக எழுதப்படாதவற்றை அவர் கேட்டார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லை. 1960-ல் ரெனே க்ளெமான் இயக்கத்தில் அவர் நடித்த 'ப்ளென் சொலெய்' ஜப்பானில் மிகப் பெரிய வெற்றி. அந்த ஊரில் தன் முகத்துக்கு என்ன மதிப்பு என்று பாரிஸ் தயாரிப்பாளருக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. சம்பளம் என்பது அடுத்தவர் போடும் விலை. ஏரியா எடுத்துக்கொள்வது என்றால், என் விலையை நான் தியேட்டர் வாசலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வது. படம் படுத்தால் அத்தனை மாத உழைப்புக்கு ஒரு பைசா கிடையாது. அந்தத் துணிவு இல்லாமல் இந்தக் கணக்கு இல்லை.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய இளமைக் காலத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1935 நவம்பர் 8-ல் பாரிஸை ஒட்டிய ஸோ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஒரு சின்ன சினிமா கொட்டகை நடத்தினார். நான்கு வயதில் பெற்றோர் பிரிந்துவிட, குழந்தையை வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் விட்டார்கள். வளர்ப்புத் தந்தை ஃப்ரேன் சிறைச்சாலையில் காவலர். அப்புறம் அம்மாவிடம் திரும்பியபோது அம்மாவுக்கு வேறு கணவர், அவருக்குப் பன்றி இறைச்சிக் கடை. பையன் அந்தத் தொழிலைக் கற்றுச் சான்றிதழ்கூட வாங்கினான். பதினேழு வயதில் கடற்படை, வியட்நாமின் சைகோன். அங்கே ஒழுங்கு நடவடிக்கைகளில் சிக்கி, 1956-ல் கையில் ஒன்றுமில்லாமல் பாரிஸ் திரும்பினான். மத்தியச் சந்தையில் மூட்டை தூக்குவது, உணவகத்தில் பரிமாறுவது என்று கிடைத்த வேலை. அடுத்த வருடம் கான் பட விழாவுக்கு நண்பர்களோடு போனான். ஹாலிவுட் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்கின் ஆள் ஒருவர் கண்ணில் பட, ஒப்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் இவ் அலெக்ரே அவனைப் பிரான்சிலேயே நிறுத்திக்கொண்டார். நடிக்காதே, நீ எப்படிப் பார்க்கிறாயோ அப்படிப் பார், எப்படிப் பேசுகிறாயோ அப்படிப் பேசு என்று அவர் சொன்னதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டதாக டெலோன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நாடகப் பள்ளி இல்லை. குடும்பச் சொத்து இல்லை. இருந்தது முகம் ஒன்றுதான். அதை விற்றுவிட்டால் திரும்ப வராது, குத்தகைக்கு விட்டால் மட்டுமே நிலைக்கும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுத்திருக்க மாட்டார்கள். நாலு வயதில் வீட்டை இழந்த பிள்ளைக்கு எது தன்னுடையது, எது தன்னுடையது இல்லை என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1964-லேயே சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். முதல் தயாரிப்பு பெரிதாக ஓடவில்லை. ஹாலிவுட்டில் கொஞ்ச காலம் முயன்றுவிட்டுத் திரும்பினார். 1968-ல் 'அடெல் புரொடக்‌ஷன்ஸ்'. தன் பெயரின் முதலெழுத்தையும் குடும்பப் பெயரின் முதல் அசையையும் சேர்த்து வைத்த பெயர். அந்தக் கம்பெனியின் பெரிய வெற்றி 1970-ல் வந்த 'போர்சலினோ'. மார்செய் நகரத்துத் தாதாக்கள் இருவரின் கதை. பிரெஞ்சு சினிமாவின் இன்னொரு உச்ச நட்சத்திரமான ழான்-போல் பெல்மோந்தோவை ஜோடியாகப் போட்டார். பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 47 லட்சம் பேர் பார்த்தார்கள்.

இந்தப் படத்தின் வழக்கு எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. இரண்டு பேரின் பெயரும் டைட்டிலிலும் போஸ்டரிலும் சமமாக வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் டெலோன் தயாரிப்பாளரும் ஆயிற்றே. 'அலன் டெலோன் வழங்கும்' என்று ஒரு முறை, நடிகர் பட்டியலில் இன்னொரு முறை என்று அவர் பெயர் இரண்டு தடவை வந்துவிட்டது. பெல்மோந்தோ நீதிமன்றம் போனார், ஜெயித்தார். நான் எத்தனையோ ஒப்பந்தங்களில் 'பெயர் இடம்பெறும் வரிசை' என்ற பிரிவை டைப் அடித்திருக்கிறேன். எழுத்தின் உயரம், எந்தப் பக்கம், யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் வீம்பாகத் தெரியும். எங்களுக்கு அது பணம். போஸ்டரில் முதலில் இருக்கும் பெயருக்குத்தான் அடுத்த படத்தில் ஏரியா விலை ஏறும். பெல்மோந்தோ செய்தது சரி. டெலோன் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

அவர் எதை எடுத்தாலும் அதன் மேடையையும் தானே கட்ட நினைத்தவர். குத்துச்சண்டை பிடிக்கும், ஆகவே பார்வையாளராக உட்காராமல் போட்டியையே நடத்தினார். 1974 பிப்ரவரியில் பாரிஸை ஒட்டிய ப்யுதோவில் பெரிய கூடாரம் போட்டு, அர்ஜென்டினாவின் கார்லோஸ் மொன்சோனும் ஹோசே நாபொலெஸும் மோதிய உலகப் பட்டப் போட்டியை நடத்தியவர் அவர்தான்.

இதையெல்லாம் விட நான் மதிப்பது 'மிஸ்டர் க்ளைன்'. 1976. நாஜிகள் பிடியில் இருந்த 1942 பாரிஸ். ஊரைவிட்டு ஓடும் யூதர்களிடம் ஓவியங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கும் ஒரு வியாபாரி, தன் பெயரிலேயே இன்னொரு யூதன் இருப்பதால் தானும் யூதன் என்று சந்தேகிக்கப்பட்டு அழிவதுதான் கதை. பிரெஞ்சுப் போலீஸே பதின்மூவாயிரம் பேர் அளவுக்கு யூதர்களைப் பிடித்துக் கொடுத்த அந்த ஜூலை மாதத்தைப் பற்றிப் பேச அந்நாட்டில் பலருக்கும் விருப்பமில்லாத காலம். அமெரிக்காவில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு ஊரைவிட்டு வந்த ஜோசப் லோசி இயக்கினார். டெலோன் தன் பணத்தைப் போட்டார், வெறுக்கத்தக்க அந்த வியாபாரியாக நடிக்கவும் செய்தார். வசூல் ஏமாற்றம். 1977-ல் சிறந்த படத்துக்கான சேசர் விருது, பிரெஞ்சு சினிமாவின் தேசிய விருது, கிடைத்தது.

வியாபாரிகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓடும் படத்தில் பணம் போடுவது யாருக்கும் வரும். அந்த அழகான முகத்தைக் காசாக்கத் தெரிந்த ஒருவர், அதே காசை எடுத்து அந்த முகத்தின்மேல் சேறு பூசும் ஒரு கதைக்குக் கொடுத்தார். இப்படி ஒரு ஒப்பந்தம் என் மேஜைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

இங்கே என் கதையையும் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் சாட்டிலைட் உரிமை என்ற புதுச் சொல் எங்கள் தெருவுக்குள் வந்தது. அது எவ்வளவு பெறும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சின்னப் படம் எடுத்து நஷ்டப்பட்டிருந்த ஒரு தயாரிப்பாளர், கடன்காரர்களுக்குப் பயந்து, தன் படத்தின் நெகட்டிவையும் எல்லா உரிமைகளையும் மொத்தமாக எழுதிக்கொடுக்க வந்தார். வாங்கியவர்கள் சொன்ன வாசகத்தை நான்தான் டைப் அடித்தேன்: "தற்போது உள்ளதும் இனி வரப்போகும் எல்லாவிதத் தொழில்நுட்பங்களும் உட்பட, 99 ஆண்டுகளுக்கு." அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருடம் கழித்து அவர் மறுபடி வந்தார். அந்தப் படம் தொலைக்காட்சியில் மாதத்துக்கு ஒரு முறையாவது ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, டிவியில வர்றதுக்கு எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். அந்தப் பழைய கோப்பை எடுத்து, நான் அடித்த வரியை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் போனார்.

அன்றிலிருந்து எந்த ஒப்பந்தம் வந்தாலும், கையெழுத்துப் போடுபவருக்கு ஒவ்வொரு பிரிவையும் தமிழில் வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகே பேனாவை நீட்டினேன். மேனேஜருக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் தடுக்கவில்லை.

1998-ல் 'முத்து' டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியபோது எங்கள் தெருவே வியந்து நின்றது. எஃப்.எம்.எஸ். என்று நாங்கள் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்த கடலுக்குள் ஜப்பான் என்று ஒரு நாடு இருப்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடம் முன்னால் அதைத் தனியாகப் பிரித்து எழுதி வாங்கிய ஒருவரைப் பற்றி அன்று மேனேஜரிடம் சொன்னேன். "நடிகனா அவன்? விநியோகஸ்தன்யா!" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

ஜப்பானில் டெலோன் விதைத்தது பல வருடம் விளைந்தது. எழுபதுகளில் 'டர்பன்' என்ற ஜப்பானிய ஆடை நிறுவனத்தின் விளம்பரங்களில் பிரெஞ்சிலேயே பேசி நடித்தார். பிறகு 1978-ல் ஜெனீவாவில் தன் பெயரை நிர்வகிப்பதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். வாசனைத் திரவியம், மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், ஷாம்பெயின், கோன்யாக், ஆடைகள் என்று வரிசையாக வந்தன. தொண்ணூறுகளில் ஜப்பானில் விற்ற வாசனைத் திரவியம் ஒன்றுக்குப் பெயரே 'சாமுராய்'. 1986-ல் ஜான் வூவின் ஹாங்காங் படம் ஒன்றில் நடிகர் சௌ யுன்-ஃபாட் டெலோன் பெயர் பொறித்த கறுப்புக் கண்ணாடி போட்டு வந்தார். இளைஞர்கள் கடைகளில் குவிந்து, கண்ணாடிகள் தீர்ந்துபோயின. டெலோன் அந்த நடிகருக்கு நன்றி தெரிவித்தார். ஜான் வூவுக்கு 'லெ சாமுராய்' உயிர். அந்தப் பாத்திரத்தையே டெலோனை மனத்தில் வைத்துத்தான் செதுக்கினார்.

இப்படிப்பட்ட உரிமக் கம்பெனிகளின் வேலை முறை எங்கள் தொழிலின் சொந்தத் தம்பி. பொருளைத் தயாரிப்பவர் வேறு, விற்பவர் வேறு. பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை வாங்குவார், அதற்கு மேல் விற்பனையில் சதவீதம். எந்த நாடு, எத்தனை வருடம் என்று கோடு போட்டுக் கொடுப்பார். எங்கள் மினிமம் கேரண்டி, அதாவது எம்.ஜி. ஒப்பந்தமும் அதேதான், படப்பெட்டிக்குப் பதில் பாட்டில்.

அந்த வரிசையில் சிகரெட்டும் இருந்தது. கம்போடியாவில் 'அலன் டெலோன்' என்ற பெயரில் சிகரெட் விற்றார்கள். 2009-ல் டியோர் நிறுவனம் ஒரு வாசனைத் திரவியத்துக்கு அவருடைய 1966-ஆம் வருடப் புகைப்படத்தைப் பயன்படுத்தியபோது, விரலிடுக்கில் இருந்த சிகரெட்டை அழித்துவிட்டார்கள். பிரான்சில் புகையிலை விளம்பரத்துக்குச் சட்டத் தடை. ஒரு நாட்டில் அழித்ததை இன்னொரு நாட்டில் பெட்டி பெட்டியாக விற்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் அலுவலகத்துப் பிரதிநிதி (ரெப்) ஒருவர், இரவு இரண்டாம் ஆட்டம் முடியும்வரை தியேட்டர் வாசலில் டிக்கெட் எண்ணிக்கொண்டு நின்றவர், புகையாலேயே ஐம்பது வயதுக்குள் போய்விட்டார். பெயரைக் குத்தகைக்கு விடுபவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் ஒப்பந்தத்தில் வைத்திருப்பார். அந்த உரிமையை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பாடகி நிக்கோ, தன் மகன் ஆரிக்கு அப்பா டெலோன்தான் என்று சொன்னார். டெலோன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 1962-ல் பிறந்த அந்தப் பையனை டெலோனின் சொந்த அம்மாதான் எடுத்து வளர்த்தார். தன் இரண்டாம் கணவரின் குடும்பப் பெயரான பூலோய்ன் என்பதையே அவனுக்குக் கொடுத்தார். ஆரி 2023-ல் பாரிஸில் இறந்தார். கண்ணாடிக்கும் சிகரெட்டுக்கும் கிடைத்த அந்தப் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. யார் சொன்னது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் நாலு வயதில் வேறொரு வீட்டில் விடப்பட்ட பிள்ளை, தன் அம்மா மடியில் வளரும் இன்னொரு பிள்ளையைப் பார்த்து எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சில் டூஷி என்ற ஊரில் இருந்த தன் வீட்டில் டெலோன் காலமானார், எண்பத்தெட்டு வயது. எனக்கு வேலை ஓய்வு ஆகிப் பத்து வருடம். மகன் போனில் செய்தியைக் காட்டினான். அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் 'மெலொதி ஆன் சூ-சோல்' படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். கடைசிக் காட்சி விடுதியின் நீச்சல் குளம். சுற்றிலும் போலீஸ். குளத்துக்கு இந்தப் பக்கம் காபேன், அந்தப் பக்கம் டெலோன். கொள்ளைப் பணம் இருக்கும் பைகளை டெலோன் தண்ணீருக்குள் இறக்கிவிட்டிருக்கிறான். ஒரு பை திறந்துகொள்கிறது. ஒரு நோட்டு மேலே வருகிறது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் குளம் முழுக்க நோட்டுகள். இருவரும் எழுந்திருக்கவில்லை, பேசவில்லை. டெலோன் பார்த்துக்கொண்டே இருக்கிறார், அலெக்ரே சொன்ன மாதிரியே. இந்தக் காட்சியில் நடிக்க அவர் சம்பளம் வாங்கவில்லை. டோக்கியோவிலும் மாஸ்கோவிலும் புவெனஸ் ஐரிஸிலும் யார் யாரோ இதைப் பார்க்க டிக்கெட் எடுத்திருப்பார்கள்.